தொலைக்காட்சிக்கு அனுப்பும் வீடியோ ஏன் திணறுகின்றது?

வீட்டுக் கணனியில் சேமித்து வைத்துள்ள திரைப்படங்களையும், திருமணம், நிக்காஹ், பூப்புனித நீராட்டு விழா போன்ற குடும்ப வைபவங்களின் வீடியோக்களையும் கம்பியின்றி வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பார்ப்பது இன்று பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஜெலிபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருட்கள் சாதாரண கணனியை ஒரு சிறு சேவையகமாக மாற்றிவிடுகின்றன. தொலைக்காட்சியின் பின்புறம் செருகப்பட்டுள்ள குரோம்காஸ்ட் போன்ற சாதனம் அங்கிருந்து வீடியோவைப் பெற்றுத் திரையிடுகின்றது. ஆயினும், கையடக்கத் தொலைபேசியில் தடையின்றி ஓடிய அதே வீடியோ தொலைக்காட்சிக்கு அனுப்பப்பட்டதும் நின்று நின்று ஓடுகின்றது; படம் மங்குகின்றது; கணனியின் விசிறி இரையத் தொடங்குகின்றது. இணைய இணைப்பின் மீது பழி போடுவோர் உள்ளனர். கணனி பழையதாகிவிட்டது என முடிவு செய்து, புதியதொன்றுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவோரும் உள்ளனர். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இவ்விரண்டுமே காரணமல்ல.

எந்தவொரு வீடியோவும் ஏதேனுமொரு முறையில் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றது. அம்முறையைக் கொடெக் என்பர். பெறும் சாதனத்துக்கு அது விளங்காவிடின், சேவையகம் வீடியோவை முழுமையாக விரித்து, சாதனத்துக்கு விளங்கும் வேறொரு முறையில் மீண்டும் சுருக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்ப வேண்டியுள்ளது. டிரான்ஸ்கோடிங் எனப்படும் இதனைக் குறிமாற்றம் எனலாம். கணனிக்கு இதைவிடக் கடினமான வீட்டு வேலை வேறில்லை. சுருக்கியதை மீண்டும் சுருக்குவதால் படத்தின் தரமும் குறைகின்றது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டதை மறவாத நமது வீடுகளில் வீணாகும் மின்சாரமும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. குறிமாற்றம் தேவைப்படும் வீடியோக்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் எவ்விதத் தேவையுமின்றி, ஏதோ ஓர் அமைப்பின் விளைவாக அது நடைபெறுவதே நமது கவனத்துக்குரியது.

இங்கு பலர் அறியாத உண்மை ஒன்றுண்டு. ஜெலிபின், பிளெக்ஸ் செயலியில் காஸ்ட் பொத்தானை அழுத்தியவுடன் தொலைபேசி வெறும் ரிமோட் கொன்ட்ரோலாக மாறிவிடுகின்றது. வீடியோ அதனூடாகச் செல்வதில்லை. சாதனமே சேவையகத்துடன் நேரடியாகத் தொடர்பு கொண்டு அதைப் பெறுகின்றது. ஆகவே தொலைபேசியில் ஓடியது என்பது எதையும் நிரூபிப்பதில்லை. சாதனத்தின் ஆற்றல் என்ன என்பதே கேள்வி. 2013 இல் வெளியான முதலாவது குரோம்காஸ்டும் 2015 இல் வந்த இரண்டாவதும் எச்.264 முறையில் 1080 வரிப் படத்தைச் செக்கனுக்கு 30 பிரேம் வரையே ஏற்கும். 2018 இன் மூன்றாவது தலைமுறை 60 பிரேம் வரை ஏற்கும். எச்.265 முறையை இவை மூன்றும் அறியா. 2016 இன் குரோம்காஸ்ட் அல்ட்ராவும், 2020 இல் வந்த கூகிள் ரி.வி. வகையும் அதனை அறியும்.

சேவையக மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே முதலாவது சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ நேரடியாகச் செல்கின்றதா, குறிமாற்றப்படுகின்றதா என்பதை அது காட்டும். ஜெலிபினாயின் குறிமாற்றத்துக்கான காரணத்தையும் அங்கேயே தெரிவிக்கும். வைத்தியரிடம் செல்லாமலே மருந்து வாங்குவது போல், இப்பக்கத்தைப் பாராமலே அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போர்தான் அதிகம்.

நமது வாசகர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது உபதலைப்பையே. பிறமொழிப் படங்களை உபதலைப்புடன் பார்ப்பது நம்மிடையே பரவலான வழக்கம். உபதலைப்பு இருவகைப்படும். எஸ்.ஆர்.ரி. போன்றவை எழுத்துக் கோப்புகள். அவற்றை வீடியோவுடன் தனியாக அனுப்பினால் சாதனமே திரையில் எழுதிக்கொள்ளும். புளூரேயிலிருந்து வரும் பி.ஜி.எஸ்., டி.வி.டி.யிலிருந்து வரும் வொப்சப் ஆகியன எழுத்தல்ல, சிறு படங்கள். இவற்றைக் குரோம்காஸ்ட் ஏற்காது என்பதால் சேவையகம் ஒவ்வொரு பிரேமின் மீதும் அவற்றைப் பதித்து அனுப்புகின்றது. சாதனத்துக்கு முற்றிலும் பொருத்தமான எச்.264 வீடியோவாயினும், ஒரு வரி உபதலைப்புக்காக முழுப் படமும் குறிமாற்றத்துக்குள்ளாகின்றது. உபதலைப்பை நிறுத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். நீங்கள் தெரிவு செய்யாமலே அது தானாக இயங்கும்படி அமைந்திருக்கவும் கூடும். எழுத்து உபதலைப்பையும் எப்போதும் படத்தில் பதிக்கும்படி அமைப்பு இருக்குமாயின், பட வடிவிலானவற்றை மட்டும் பதிக்கும்படி மாற்றிவிட வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய தமிழ் உபதலைப்புக் கோப்புகள் இதில் தனிச் சிக்கலாகும். சாதனத்தில் அவ்வெழுத்துரு இல்லாதபடியால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பையே தோன்றும். இதற்காகவே சிலர் உபதலைப்பைப் படத்தில் பதித்துவிடுகின்றனர். கோப்பை ஒருமுறை யுனிகோட்டுக்கு மாற்றி யூ.ரி.எப்.-8 ஆகச் சேமித்தால், பதிக்க வேண்டிய தேவை எழாது.

ஒலியும் கொள்கலனும் அவ்வளவு பெரிய குற்றவாளிகளல்ல. டி.ரி.எஸ். ஒலியைக் குரோம்காஸ்ட் அறியாததால் சேவையகம் ஒலியை மட்டும் மாற்றும். வீடியோ தொடப்படாமலே செல்லும். நிர்வாகப் பக்கத்தில் குறிமாற்றம் என்ற சொல்லைக் கண்டதும் பதறுவோர், அது படத்துக்கா ஒலிக்கா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எம்.கே.வி. என்பதும் கொடெக் அல்ல, வீடியோவும் ஒலியும் இடப்பட்ட ஒரு பெட்டி மாத்திரமே. உள்ளிருப்பதை அப்படியே எம்.பி.4 பெட்டிக்கு மாற்றுவது பழைய கணனிக்கும் இலகுவான வேலை. எப்.எப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளால் தரம் சிறிதும் குறையாமல் ஒரு முழுத் திரைப்படத்தையும் சில நிமிடங்களில் இவ்வாறு மாற்றலாம்.

அடுத்தது தர வரம்பு. செயலியில் படத்தரம் ‘மூலம்’ அல்லது ‘அதிகபட்சம்’ என அமைந்திராவிடின், வீடியோ எவ்வளவு பொருத்தமானதாயினும் சேவையகம் அதைக் குறிப்பிட்ட பிட் வீதத்துக்குச் சுருக்கியே அனுப்பும். வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்காகப் பொது இணைய முகவரி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டோர் வீட்டினுள்ளும் அதே முகவரியைப் பாவிக்கும்போது, பக்கத்து அறையிலுள்ள தொலைக்காட்சியைச் சேவையகம் வெளியூரிலுள்ளதாகக் கருதி வெளியிணைப்புக்கான குறைந்த வரம்பைத் திணித்துவிடுவதுண்டு. வீட்டு வலையமைப்பை உள்ளூராகப் பதிவதும், வெளியிணைப்பு வரம்பை உயர்த்துவதுமே இதற்கு வழி. ஆனால் முதலாவது குரோம்காஸ்ட் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இயங்குவது. புளூரேப் படமோ செக்கனுக்கு 40 மெகாபிட் வரை கேட்கும். அங்கு வரம்பு இருப்பதே நல்லது.

உலாவியின் பக்கத்தை அல்லது கணனித் திரை முழுவதையும் காஸ்ட் செய்வோருக்கு மேற்கூறிய எதுவும் உதவாது. அம்முறையில் திரையில் தெரிவது மீண்டும் படம்பிடிக்கப்பட்டுச் சுருக்கப்படுகின்றது. கோப்பு எதுவாயினும் குறிமாற்றம் நிச்சயம். 2018 பெப்ரவரியில் வெளியான வி.எல்.சி. 3.0 முதல் அம்மென்பொருளிலிருந்து கோப்பை நேரடியாகவே காஸ்ட் செய்யலாம். மாற்றம் தேவைப்படின் அது முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யும்.

குறிமாற்றம் மெய்யாகவே தேவைப்படுபவை எஞ்சுகின்றன. வெளிநாட்டு உறவினர்கள் ஐபோனில் எடுத்து அனுப்பும் வீடியோக்கள் பெரும்பாலும் எச்.265 முறையிலானவை. கமெராவின் கோப்பு வடிவ அமைப்பில் அதிக இணக்கமுள்ளதைத் தெரிவு செய்யும்படி அவர்களிடம் கூறினால் இனிவருபவை எச்.264 ஆக வரும். திருமண டி.வி.டி.கள் எம்பெக்-2 முறையில் 576 வரிகள் கொண்டவை. ஒவ்வொரு தடவையும் கணனியை வருத்தாமல், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் அவற்றை ஒரேயொரு தடவை எச்.264 ஆக மாற்றி வைக்கலாம். அதில் குரோம்காஸ்டுக்கென்றே தயாரான அமைப்புகள் உள்ளன. வரிகளைச் செயற்கையாக 1080 ஆக உயர்த்துவதில் பயனில்லை. கோப்பு பருக்குமேயன்றிப் படம் தெளிவடையாது. இரட்டை வரிப் பின்னலை நீக்கும் தெரிவை மட்டும் இயக்கிவிட வேண்டும், இல்லாவிடின் மணமக்கள் அசையும்போதெல்லாம் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்கள் போலத் தோன்றும். மாற்றிய பின்னரும் மூல டி.வி.டி.யின் முழுப் பிரதியொன்றைத் தனி வன்தட்டில் வைத்திருப்பது அவசியம். அடுத்த சாதனம் வேறொரு முறையைக் கேட்குமாயின் மாற்றத்தை அதிலிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.