தோற்கத் தெரிந்தவர்கள்

1983 டிசம்பரில் வின்ஸ் மெக்மஹனுக்கு ஒரு சிக்கல். முந்தைய ஆண்டுதான் அப்பாவிடமிருந்து ஒரு மல்யுத்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தார். அன்று அதன் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் சாம்பியன் பட்டம் 1978 முதல் பாப் பேக்லண்ட் என்பவரிடம் இருந்தது. முறையாகக் குஸ்தி கற்றவர், ஒழுக்கமானவர், பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டு பேங்க் கிளார்க் மாதிரி இருப்பார். மெக்மஹனுக்கோ அமெரிக்கா முழுவதையும் வளைக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு அவர் கண் வைத்தது ஹல்க் ஹோகன் மீது: மஞ்சள் மீசை, மலை போன்ற தோள், ‘ராக்கி 3’ படத்தில் ஸில்வஸ்டர் ஸ்டாலோனைத் தூக்கி எறிந்து பெயர் வாங்கியவர்.

பட்டத்தை பேக்லண்டிடமிருந்து எடுத்து ஹோகனிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே? அங்கேதான் இடித்தது. பேக்லண்டும் நல்லவர், ஹோகனும் நல்லவர். ஒரு நல்லவர் இன்னொரு நல்லவரை அடித்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்துவிடும். பாதிப் பேர் புது ராஜாவை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்கள்.

எனவே நடுவில் ஒருவரை நுழைத்தார்கள். அவர் பெயர் அயர்ன் ஷேக். ஈரான்காரர். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த காயம் அமெரிக்கர்களிடம் இன்னும் ஆறாத நேரம் அது. டிசம்பர் 26 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஷேக், பேக்லண்டைக் குப்புறக் கிடத்தி, முதுகில் ஏறி உட்கார்ந்து, மோவாயைப் பிடித்துப் பின்னுக்கு வளைத்தார். அந்தப் பிடிக்கு ‘கேமல் கிளட்ச்’ என்று பெயர். பேக்லண்ட் கடைசி வரை தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. தாங்க முடியாமல் அவருடைய மேனேஜர்தான் துண்டை வீசினார். நான்கு வாரம் கழித்து, 1984 ஜனவரி 23 அன்று, அதே அரங்கில் ஷேக் அதே பிடியை ஹோகன் மேல் போட்டார். ஹோகன் அவரை முதுகில் சுமந்தபடியே எழுந்து நின்றார். ஆறு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். பேக்லண்டின் மானம் போகவில்லை. ஹோகன் எந்த நல்லவரையும் அடிக்கவில்லை. ஒரு தேசமே பழிவாங்கிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனது. இத்தனையையும் தன் இரண்டு தோள்களில் சுமந்தவர் தோற்றுப்போன ஷேக்தான். நிஜ வாழ்க்கையில் அவர் அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் என்பதை அன்று கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

‘எல்லாம் பொய் ஃபைட்டுதானே?’ என்ற கேள்விக்கு நிறுவனமே பதில் சொல்லிவிட்டது. 1989இல் நியூ ஜெர்சி செனட்டில், இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கொள்கைப் பிடிப்பால் அல்ல. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிப்பதற்காக. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிறது. முடிவு செய்பவரை இந்தத் தொழிலில் ‘புக்கர்’ என்பார்கள். ஆனால் விழுவது பொய்யில்லை. கோதாவின் தளம் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கித்தான். அதில் வாரத்துக்கு நான்கு இரவு முதுகடிபட விழுந்து பார்த்தால் தெரியும். தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பயில்வான். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்த நண்பன் எனக்கும் இருந்தான். அந்தக் கார்டுகள் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டன என்று இப்போது தோன்றுகிறது. நட்சத்திரம் உருவாவதற்கு பைசெப்ஸ் அளவு பெரிய காரணமில்லை, வெற்றிக் கணக்கும் இல்லை. யார் யாருக்குத் தோற்றார், எப்படித் தோற்றார் என்பதுதான் கணக்கு. அதற்குக் கார்டில் கட்டமே கிடையாது.

தொழிலின் பேச்சில் நல்லவனுக்கு ‘பேபிஃபேஸ்’, கெட்டவனுக்கு ‘ஹீல்’ என்று பெயர். அடி வாங்கும்போது அந்த வலியைக் கடைசி வரிசைக்காரனும் உணரும்படி காட்டுவது ‘செல்லிங்’. ஒரு குத்து எவ்வளவு பலமானது என்பதைக் குத்தியவரின் கையில் பார்க்க முடியாது, வாங்கியவரின் முகத்தில்தான் பார்க்க முடியும். அந்தக் காலத்துச் சனிக்கிழமை டிவி நிகழ்ச்சிகளில் பேர் தெரியாத ஆட்கள் வந்து மூன்று நிமிடத்தில் தோற்றுவிட்டுப் போவார்கள். அவர்கள் ‘ஜாபர்’, தோற்பதுதான் அவர்கள் வேலை. எம்.என். நம்பியார் இல்லாமல் எம்.ஜி.ஆர். படம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிஜத்தில் சைவ உணவும் சபரிமலை மாலையுமாக வாழ்ந்தவரைத் தெருவில் பார்த்துப் பயந்தார்கள் என்றால், அது அவருடைய தொழில் சுத்தம்.

தோற்பவர் எவ்வளவு பெரியவரோ, ஜெயிப்பவர் அவ்வளவு பெரியவர் ஆவார். இந்தப் பாடத்தின் உச்சம் 1987 மார்ச் 29, மிச்சிகனில் போன்டியாக் சில்வர்டோம் அரங்கம், நிறுவனத்தின் வருடாந்தரப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் மூன்றாம் ஆண்டு. ஹோகனுக்கு எதிரே ஆந்த்ரே தி ஜயன்ட். ஏழு அடி நான்கு அங்குலம், 520 பவுண்டு என்று விளம்பரம். பிரான்ஸில் பிறந்தவர், உடம்பு வளர்ந்துகொண்டே போகும் அக்ரோமெகலி நோய் உள்ளவர். பதினைந்து ஆண்டுகளாக யாருமே அவரை வென்றதில்லை என்று அறிவித்தார்கள். அது உண்மையில்லை, வேறு நாடுகளில் தோற்றிருக்கிறார். யாருமே அவரைத் தூக்கிப் போட்டதில்லை என்றும் சொன்னார்கள். ஹோகனே 1980இல் நியூயார்க்கில் அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இன்டர்நெட் இல்லாத காலம், யாருக்கு நினைவிருக்கும்?

ஆந்த்ரேயும் ஹோகனும் அதுவரை நண்பர்கள். ஹோகனுக்கு ஒரு பெரிய கோப்பை கொடுத்தார்கள், ஆந்த்ரேக்குச் சின்னதாக ஒன்று கொடுத்தார்கள். பொறாமை. பிறகு ஒரு நாள் ஆந்த்ரே கெட்ட மேனேஜர் பாபி ஹீனனோடு வந்து நின்றார், ஹோகனின் சட்டையைக் கிழித்தார், கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியும் அதோடு அறுந்தது. கதை அவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும், தாத்தாவுக்கும் புரியும். புது ரசிகரைக் கொண்டுவரும் கதைக்கு அந்த எளிமை வேண்டும்.

அன்று வந்த கூட்டம் 93,173 என்பது நிறுவனத்தின் கணக்கு. அவ்வளவு இருக்காது என்பவர்களும் உண்டு. ஆந்த்ரேக்கு முந்தைய ஆண்டுதான் முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டுதான் கோதாவில் ஏறினார். நடக்கவே சிரமப்பட்டவர் பன்னிரண்டு நிமிடம் நின்றார். கடைசியில் ஹோகன் அவரைத் தூக்கிப் புரட்டித் தரையில் போட்டபோது, அந்த எடையைத் தூக்க உதவியவர்களில் ஆந்த்ரேயும் ஒருவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மனது வைக்காமல் அவரை அசைக்க ஆளில்லை. ஆறு வருடத்தில், 1993இல், இறந்துபோனார்.

புது ரசிகர்களுக்கு வருவோம். மல்யுத்தம் பார்ப்பவர் எப்படியும் பார்ப்பார்; பார்க்காதவரை எப்படி இழுப்பது? மெக்மஹன் கண்ட வழி, அவர்கள் ஏற்கெனவே அறிந்த முகத்தை வாசலில் நிறுத்துவது. பாடகி சின்டி லாப்பரைக் கதைக்குள் கொண்டுவந்தார். எம்டிவி பார்த்த இளைஞர்கள் பின்னாலேயே வந்தார்கள். 1985 மார்ச் 31 அன்று நடந்த முதல் ரெஸில்மேனியாவில் டிவி நடிகர் மிஸ்டர் டி ஹோகனுக்கு ஜோடி. முகமது அலி நடுவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஹோகனை வைத்து சிபிஎஸ் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடரும் வந்தது. இன்றும் இதே சூத்திரம்தான்: 2021 ரெஸில்மேனியாவில் பாடகர் பேட் பன்னி இறங்கினார், 2023இல் அவருடைய ஊரான போர்ட்டோ ரீக்கோவுக்கே வேறொரு நிகழ்ச்சியைக் கொண்டுபோனார்கள்.

இன்னொரு வழி, மக்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் புண்ணைக் கண்டுபிடிப்பது. 1954 பிப்ரவரியில் டோக்கியோவில் ரிக்கிடோசான் என்ற மல்யுத்த வீரர், கைவிளிம்பால் வெட்டி வெட்டி ஷார்ப் சகோதரர்கள் என்ற இரண்டு வெள்ளைக்கார ராட்சசர்களைச் சாய்த்தார். போரில் தோற்று ஒன்பதாண்டு ஆகாத ஜப்பான், தெருமுனையில் வைத்த டிவி பெட்டிகளின் முன் திரண்டு நின்று பார்த்தது. ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள். ரிக்கிடோசான் கொரியாவில் பிறந்தவர். இரண்டுமே கதைக்குத் தடையாக இருக்கவில்லை.

ஆனால் என் கணக்கில் இந்தக் கலையின் மிகச் சிறந்த ஒரே ஆட்டம் எது என்றால், 1997 மார்ச் 23, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதியது. ஹார்ட் நல்லவர், பல ஆண்டு நாயகன். ஆஸ்டின் வாய்த்துடுக்குள்ள கெட்டவர். எழுதிய திட்டம் அப்படி. கூட்டமோ கொஞ்ச நாளாகவே ஆஸ்டினுக்குக் கைதட்ட ஆரம்பித்திருந்தது. எதிரியை வலியால் ‘போதும்’ என்று சொல்லவைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கடைசியில் ஹார்ட் தன் ‘ஷார்ப்ஷூட்டர்’ பிடியில் ஆஸ்டினின் கால்களைப் பின்னி மடக்கினார். ஆஸ்டின் நெற்றியிலிருந்து ரத்தம் பற்களுக்கிடையில் வழிகிறது, கத்துகிறார், எழப் பார்க்கிறார், ‘போதும்’ என்று மட்டும் சொல்லவில்லை. அப்படியே மயங்கிப் போனார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஹார்ட் வென்றதாக அறிவித்தார். வென்றவர் நிறுத்தாமல் மயங்கிக் கிடந்தவரை மறுபடி அடித்தார். தோற்றவர் கைத்தாங்கலை உதறிவிட்டு நொண்டி நொண்டித் தனியாக வெளியே நடந்தார். அரங்கம் ஆஸ்டின் பெயரைச் சொல்லிக் கத்தியது. உள்ளே வரும்போது நாயகனாக இருந்தவர் கெட்டவனாகவும், கெட்டவன் நாயகனாகவும் வெளியேறினார்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டு பேரும் இடம் மாறுவது அபூர்வம். அதை ஒரு தோல்வி செய்தது.

அதற்குப் பிறகு ஆஸ்டினுக்கு நல்ல வில்லன் வேண்டுமல்லவா? மெக்மஹனே இறங்கினார். முதலாளி வில்லன், தொழிலாளி ஹீரோ. மேனேஜரை ஒரு அறை விட வேண்டும் என்று ஒரு நாளாவது நினைக்காத ஊழியர் உண்டா? 1998 மார்ச்சில் மைக் டைசனை வாசலில் நிறுத்தி ஆஸ்டினுக்குப் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த மாதமே, ஒன்றரை ஆண்டுக்கு மேல் திங்கட்கிழமை இரவுகளில் தங்களை முந்திக்கொண்டிருந்த போட்டி நிறுவனத்தை டிவி ரேட்டிங்கில் வென்றார்கள்.

நிறுவனம் நினைத்தால் யாரையும் நட்சத்திரம் ஆக்கிவிடலாம் என்று இதையெல்லாம் வைத்து நினைத்துவிடக் கூடாது. 1996இல் ராக்கி மைவியா என்ற இளைஞனைச் சிரித்த முகத்தோடு நல்லவனாக இறக்கினார்கள். ‘செத்துப் போ ராக்கி’ என்று கூட்டம் கோஷம் போட்டது. அவனைக் கெட்டவனாக்கி, அந்த வெறுப்பையே பேச்சாக்கவிட்ட பிறகுதான் ‘தி ராக்’ பிறந்தார். இந்தப் பாடம் கையிலிருந்தும் ரோமன் ரெய்ன்ஸை நல்லவராகவே நிறுத்த முயன்று ஐந்தாறு ஆண்டுகளை வீணாக்கினார்கள் என்பது என் குறை. 2015 ஜனவரியில் பிலடெல்பியாவில் அவரை வெல்லவைத்து, வாழ்த்த தி ராக்கையே பக்கத்தில் நிறுத்தியும் அரங்கம் ‘பூ’ என்று கத்தியது. ராக் முகத்திலேயே குழப்பம் தெரிந்தது. 2020 ஆகஸ்டில், கோவிட் காலத்தில், ரெய்ன்ஸைக் குடும்பத்தையே மிரட்டும் தலைவனாக மாற்றினார்கள். 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்தார். 2023இல் கோடி ரோட்ஸை அவரிடம் தோற்கவைத்து, ரசிகர்களை ஓராண்டு ஏங்கவைத்து, 2024 ஏப்ரலில் அதே பிலடெல்பியாவில் பட்டத்தைக் கைமாற்றினார்கள். அவசரப்படாததற்குப் பலன்.

இந்தியாவுக்கு மட்டும் அவசரப்பட்டார்கள். கிங்காங், தாராசிங் என்ற பயில்வான்களின் பெயர்களைத் தாத்தாக்கள் வாயால் கேட்டு வளர்ந்த நாடு இது. புதிதாகக் குஸ்தி கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. 2017 வசந்தம் வரை வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தவர், கனடாவில் பிறந்த பஞ்சாபிக்காரர் ஜிந்தர் மஹால். மே 21 அன்று ராண்டி ஆர்டனை வென்று சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தைக்கு என்று பச்சையாகத் தெரிந்தது. படிப்படியாகப் பெரியவர்களை அவருக்குத் தோற்கவைக்கவில்லை, நேராக ஆர்டனிடம் குதிக்கவைத்தார்கள். நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போய்விட்டது. டிசம்பர் 9 அன்று டெல்லிக்கு வந்தபோது மஹாலிடம் பட்டம் இல்லை. டெல்லியிலும் டிரிப்பிள் எச்சிடம் தோற்றார்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஹார்ட், ஆஸ்டின் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். மொத்தம் 22 நிமிடம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டாம், ரத்தம் அதிகம்.