ஆட்டிசத்தை மூளைப் படம் காட்டுமா?

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், வண்டிச் சக்கரத்தையே மணிக்கணக்கில் சுழற்றிக் கொண்டிருக்கும் குழந்தைகளை நண்பர்கள் பார்த்திருக்கலாம். இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் எழுதினார். தாயின் அன்புக் குறைவே காரணம் என்று பிறகு வெகுகாலம் பழி சுமத்தினார்கள். 1977-ல் இரட்டையரை ஆராய்ந்தபோது பரம்பரைக்குப் பெரும்பங்குண்டு என்று புலப்பட்டது.

ரசாயனத்துக்கு வருவோம். அது என் பாடமாதலால் சற்று நீட்டுவேன், பொறுத்தருள்க. செரடோனின் என்பது நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள். ஆட்டிசக் குழந்தைகள் சிலரின் இரத்தத்தில் இது மிகுந்திருப்பதை ஷெயின், ஃப்ரீட்மன் என்ற இருவர் 1961-ல் கண்டனர். பின்வந்த ஆய்வுகளிலும் கால்பங்குக்கு மேற்பட்டோரிடம் அதே கதை. மூளையின் இரகசியம் பிடிபட்டுவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் உடலின் செரடோனினில் பெரும்பகுதி குடலில் உண்டாகி, இரத்தத் தட்டணுக்களில் தங்குவது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை அது தாண்டாது. மாமியார் வீட்டு உக்கிராணத்தில் அரிசி மூட்டை நிறைந்திருப்பதைக் கொண்டு, மருமகள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்ல முடியுமா? செரடோனின் வழியே வேலை செய்யும் சிட்டலோபிராம் மருந்தை 149 பிள்ளைகளிடம் சோதித்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பைக் குறைப்பதில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை.

படத்தின் கதை இன்னும் வேடிக்கை. மூளையின் எப்பகுதிகள் ஒத்து இயங்குகின்றன என்பதை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் அறியலாம். ஆட்டிசத்தில் தூரத்துப் பகுதிகளின் தொடர்பு தளர்ந்தும் பக்கத்துத் தொடர்பு இறுகியும் இருப்பதாகக் கட்டுரைகள் பெருகின. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே அதே தோற்றம் பொய்யாக எழும் என்று 2012-ல் சிலர் காட்டிவிட்டார்கள்! தடதடவென்று இரையும் குழாய்க்குள் எந்தக் குழந்தை அசையாமல் கிடக்கும்? இரைச்சல் தாங்காத பிள்ளையைக் கேட்கவே வேண்டாம். இப்போது அசைவைக் கழித்தே கணக்கிடுகிறார்கள். எனினும் தெரிவது கூட்டத்தின் சராசரியில் உள்ள சிறு வேறுபாடுதான். ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து 'உண்டு', 'இல்லை' என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஊரில் என் பெரியம்மா மகள் தன் மூன்று வயதுப் பையனுக்காக வளையலை அடகு வைக்கப் போனாள். மூளைப் படமும் 'ரசாயனப் பரிசோதனை'யும் எடுத்தால்தான் உறுதியாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதுவரை பேச்சுப் பயிற்சி வேண்டாமென்றும் இருந்துவிட்டாள். வலிப்பு போன்ற வேறு குறிகள் இருந்தால் மருத்துவர் படம் கேட்பது நியாயம். மற்றபடி, குழந்தையின் நடத்தையைக் கவனித்தும் பெற்றோரை விசாரித்தும்தான் ஆட்டிசத்தை இன்றும் கண்டறிகிறார்கள். "அக்கா, பயிற்சிக்குப் படம் தேவையில்லை, நாளைக்கே கூட்டிப் போ" என்று தொலைபேசியில் சொன்னேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருப்பதால், சான்றிதழுக்கு எழுதிப்போடவும் சொல்லியிருக்கிறேன்.