உங்களுக்குத் தெரியுமா? வட கடலுக்கு ‘வந்த’ ஜப்பான்காரர்கள்

● 1904 அக்டோபர் 21 நள்ளிரவு. இங்கிலாந்துக்குக் கிழக்கே, டாகர் பேங்க் என்ற மீன்வளத் திட்டில் ஹல் துறைமுகத்து இழுவலைப் படகுகள் தொழிலில் இருந்தன. ஜப்பானோடு நடந்த போருக்காக அவ்வழியே போன ரஷ்யப் போர்க்கப்பல்கள், ஜப்பானின் டார்பிடோ படகுகள் என்று நினைத்து அவற்றைச் சரமாரியாகச் சுட்டன. ஜப்பான் இருந்ததோ உலகின் மறுகோடியில்!

● பயம் கரையிலிருந்தே கப்பலேறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் போர்ட் ஆர்தரில் இருந்த ரஷ்யக் கப்பல்கள் மீது ஜப்பானியர் இரவோடு இரவாக டார்பிடோ வீசியிருந்தார்கள். போதாததற்கு, டென்மார்க்கில் இருந்த ரஷ்ய உளவாளி ஹார்ட்டிங், ‘ஜப்பான் படகுகள் பதுங்கியிருக்கின்றன’ என்று துப்பு மேல் துப்பு அனுப்பினார். அந்த வேலைக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். துப்பு கிடைக்காமல் போகுமா? அன்றிரவு, பின்தங்கிப்போன ‘கம்சாட்கா’ என்ற பழுதுபார்ப்புக் கப்பல், டார்பிடோ படகுகள் தன்னைத் தாக்குவதாக வயர்லெஸில் அலறியது. அதற்குப் பிறகு எந்த விளக்கைப் பார்த்தாலும் ஜப்பான்தான்.

● மீனவர்களில் சிலர் முதலில் ஏதோ கடற்படை ஒத்திகை என்று வேடிக்கை பார்த்தார்களாம். குண்டு விழுந்ததும், தேடுவிளக்கு வெளிச்சத்தில் பிடித்த மீனையே தூக்கிக் காட்டினார்கள் என்பார்கள். பலிக்கவில்லை. ‘கிரேன்’ என்ற படகு மூழ்கியது. இருவர் அங்கேயே இறந்தார்கள். காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார்.

● குழப்பத்தில் ரஷ்யர்கள் தங்கள் ‘அரோரா’ கப்பலையே சுட்டார்கள். அதிலிருந்த பாதிரியார் அந்தக் காயத்தால் உயிரிழந்தார்.

● பிரிட்டன் கொதித்தது. போர் மூளும் நிலை. கடைசியில் பாரிஸில் ஐந்து நாட்டு அட்மிரல்கள் விசாரித்தார்கள். டார்பிடோ படகு எதுவும் அங்கே இல்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. ரஷ்யா 66,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. ஆனால் சுட உத்தரவிட்ட அட்மிரல் ரொஜெஸ்ட்வென்ஸ்கியின் திறமைக்கோ மனிதாபிமானத்துக்கோ இதனால் இழுக்கில்லை என்றும் அறிக்கையில் எழுதிவைத்தார்கள். தாராள மனசு!

● நிஜ ஜப்பான் கடற்படையை இந்த ரஷ்யக் கப்பல்கள் சந்தித்தது 1905 மே 27, சுஷிமா நீரிணையில். ‘கம்சாட்கா’ அங்கே மூழ்கியது. தப்பிய ‘அரோரா’ இன்று மிதக்கும் அருங்காட்சியகம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறவர்கள் உள்ளே ஏறிப் பார்க்கலாம்.