ஸ்டியரிங் பம்பு ஒழுகினால்

பழைய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு பம்பு உதவுகிறது. எஞ்சின் பெல்ட் அதைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. கை நோகாமல் வண்டி திரும்புகிறது.

பம்பு ஒழுகினால் என்ன ஆகும்? எண்ணெய் குறையும். பம்பு முனகும். ஸ்டியரிங் கனக்கும். சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

முழுப் பம்பையும் மாற்ற வேண்டுமா? முதலில் துடைத்துவிட்டு, ஒழுகும் இடத்தைப் பார்க்க வேண்டும். பல நேரம் கெட்டது ரப்பர் சீல்தான். பம்பைக் கழற்றி, தண்டை நகத்தால் தடவ வேண்டும். கீறல் தட்டினால் புதுச் சீலும் ஒழுகும். அப்போது வேறு பம்பு தேவை. வழவழப்பாக இருந்தால் சீலையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினால் போதும்.

கம்பெனி சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் கூடாது. சீல் கெடும்.

மறுநாள் வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். தரை உலர்ந்திருந்தால் வேலை சரி.