அசையும் நிழற்படத் தொடர்

கல்வெட்டு, ஏடு முதலியவற்றின் நிழற்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றச் செய்யும் முறைகளுள் எளியதொன்றை ஈண்டு ஆராய்வோம். அது 'கிஃப்' என்னும் கோப்பு வடிவமாகும். 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் இதனை வெளியிட்டது. 1989-இல் செய்த திருத்தம், ஒவ்வொரு படமும் நிற்கவேண்டிய காலத்தை நூறில் ஒரு நொடி என்னும் அலகால் குறிக்க இடந்தந்தது.

முதற்கண் படங்களை ஒரே அளவினவாக வெட்டி நிரல்படுத்துதல் வேண்டும். பின்னர்க் காலம் குறித்தல் வேண்டும். 200 எனக் குறிப்பின் ஒரு படம் இரண்டு நொடி நிற்கும். 10 எனக் குறிப்பின் நொடிக்குப் பத்துப் படங்கள் ஓடும். முன்னது காட்சி வரிசையாகவும் பின்னது அசைவாகவும் தோன்றுதற்குக் கால அளவே காரணம்.

எனினும், இதன்கண் குறையொன்று உண்டு. ஒரு படத்திற்கு 256 நிறங்களே இவ்வடிவம் கொள்ளும். வழக்கமான வண்ண நிழற்படமோ 1,67,77,216 நிறங்களுக்கு இடந்தருவது. நிறங்கள் சுருங்குங்கால் நுண்ணிய வேறுபாடுகள் மறைதல் கூடும். கல்லில் தேய்ந்த கீற்றும் ஏட்டில் மங்கிய வரியும் அவ்வேறுபாட்டாலன்றோ புலப்படுகின்றன? ஆதலின், இத்தொடர் காட்டுதற்கு உரியதேயன்றிச் சான்றாகக் கொள்ளுதற்கு உரியதன்று. மூலப்படத்தைத் தனியே காத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.