ஜவ்வாது மலையில் 7 நாள் முகாம்: சுண்ணாம்பு அடிச்சா மட்டும் போதுமா?

ஜமுனாமரத்தூர்:

பாய், போர்வை, தட்டு, டம்ளரோடு பஸ் ஏறி மலைக்கு வருகிறார்கள் கல்லூரி மாணவ-மாணவிகள். விடுதியும் இல்லை, வீடும் இல்லை. 7 நாளைக்கு அரசுப் பள்ளி வகுப்பறையில்தான் படுக்கை. இதுதான் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம்.

கோவிலைச் சுத்தம் பண்ணி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு கிளம்பிப் போகிற முகாமும் உண்டு. அடுத்த மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். அப்படியானால் ஊருக்கு மிஞ்சுவது என்ன?

திட்டம் என்ன சொல்கிறது?

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ந்தேதி இந்தத் திட்டம் தொடங்கியது. அப்போதைய மத்திய கல்வி மந்திரி வி.கே.ஆர்.வி.ராவ் தொடங்கி வைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40 ஆயிரம் மாணவர்கள்.

இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம், 2 ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஒரு 7 நாள் சிறப்பு முகாமிலும் தங்க வேண்டும். இரண்டும் முடித்தால்தான் சான்றிதழ்.

ஏன் தங்கணும்?

காலையில் வந்து மாலையில் திரும்பினால் என்ன? ஜவ்வாது மலையில் அது நடக்காத காரியம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது இந்த மலை. ஊர்கள் சின்னச்சின்னதாக சிதறிக் கிடக்கின்றன. பகலில் மக்கள் சாமைக் கொல்லைக்கும் காட்டுக்கும் கூலி வேலைக்கும் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டைத்தான் பார்க்க முடியும். பேசுவதற்கு ஆள் கிடைப்பது இருட்டிய பிறகுதான். முகாமின் நிஜமான வேலை நேரமும் அதுதான்.

வேலை 1: சாதிச் சான்று

இங்கு பெரும்பாலும் வசிப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பழைய வடஆற்காடு மாவட்டப் பகுதியில் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் பழங்குடியினருக்கான சான்றை தாசில்தார் தர முடியாது. ஆர்.டி.ஓ. எனப்படும் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். விண்ணப்பம் இ-சேவை மூலம்.

இந்தச் சான்று இல்லாவிட்டால் பிளஸ்-1 முதல் கிடைக்கும் மத்திய அரசு கல்வி உதவித்தொகை போச்சு. அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.2½ லட்சம்.

வீடுவீடாகப் போய் யாருக்குச் சான்று இல்லை, ரேஷன் கார்டில் பெயர் சரியா, ஆதாரில் பிறந்த தேதி சரியா என்று பட்டியல் எடுக்க கல்லூரி மாணவர்களால் முடியும். மனுவை எழுதியும் கொடுக்கலாம்.

படிப்பு நின்றால் என்ன ஆகும்? செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் காத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7-ந்தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

வேலை 2: பாம்புக்கடி

2023 மே மாதம், அணைக்கட்டு அருகே அல்லேரி மலை அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்து ஒன்றரை வயது பெண் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் ஊர் வரை போக முடியவில்லை. குழந்தையின் உடலைத் தாயே கையில் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் மலையேறினார்.

மாணவர்களால் சாலை போட முடியாது. ஆனால் இதைச் சொல்லித்தர முடியும்:

* கடித்த இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே.

* மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிடு. வீங்கினால் கழற்ற முடியாது.

* கை, காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டு. நடக்க விடாதே, தூக்கிக்கொண்டு போ.

* 108-க்கு போன் செய். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

எந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கும், எதுவரை வண்டி வரும், தூக்கிச் செல்ல யார் யார் வருவார்கள் என்பதையும் ஊரோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டால், அவசரத்துக்கு அலைய வேண்டாம்.

வழிகாட்டி யார்?

மலையில் இருந்து இறங்கி திருவண்ணாமலை, திருப்பத்தூரில் விடுதியிலும் வாடகை அறையிலும் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முகாமுக்கு முதலில் கூப்பிட வேண்டியது அவர்களைத்தான். பாதையும் தெரியும், பேச்சும் தெரியும். வெளியூர் மாணவி கேட்டால் தலையாட்டும் பாட்டி, நம்ம ஊர்ப் பிள்ளை கேட்டால் உள்ளதைச் சொல்லும்.

ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி சிவில் நீதிபதி தேர்வில் வென்று, 2024 பிப்ரவரியில் முதல்-அமைச்சரின் பாராட்டைப் பெற்றார். அவர் கதையை முகாம் இரவில் சொன்னாலே பத்துப் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

8-வது நாள்

முகாம் முடிந்ததும் பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது. ஒரு நகல் ஊராட்சிக்கு, ஒரு நகல் பள்ளிக்கு, ஒரு நகல் அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு. அதே ஊருக்கே மறுபடி வருவதுதான் நல்லது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. பட்டியலை ஊர்மக்களே அங்கு எடுத்து வைத்துக் கேட்கலாம். எத்தனை பேருக்குச் சான்று கிடைத்தது என்று அடுத்த முகாமில் எண்ணிப் பார்த்தால், அந்த 7 நாள் வீணா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.