முதலில் வெல்டிங், அப்புறம்தான் வால்வு

வங்கியில் 35 வருடம் வேலை பார்த்தவனுக்கு வட்டிக் கணக்கு தெரியும். பால்வால்வுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு ஒரு பாத்தி கத்தரி நாற்று.

எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில்தான். 1,000 லிட்டர் இரும்புத் தொட்டியில் நிரப்பி வைத்து, பகலில் நாற்றங்காலுக்கு விடுவோம். போன சித்திரையில் தொட்டியின் அடிக்குழாய் துருப்பிடித்து ஒழுகியது. வெல்டிங் தம்பி வந்தார். துண்டுக் குழாயில் புது பால்வால்வை மாட்டி, அப்படியே தொட்டியோடு பற்றவைத்தார். வால்வுக்கும் வெல்டிங்குக்கும் நாலு விரல்கடைதான் இடைவெளி. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தொட்டியை நிரப்பிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போனில், "சார், வால்வைத் திறந்தா காத்துதான் வருது" என்றார். இரண்டு நாள் கழித்து வந்தால் நாற்று சுருண்டு கிடக்கிறது. வால்வு மூடித்தான் இருந்தது. தண்ணீர் அதன் வழியே கசிந்தே போயிருக்கிறது.

கழற்றிப் பார்த்தேன். பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே உருண்டையை இருபுறமும் அணைத்திருக்கும் வெள்ளை டெஃப்லான் வளையம் இளகிக் கோணியிருந்தது. டெஃப்லான் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். 327 டிகிரியில் உருகும். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். அந்தச் சூடு குழாய் வழியாகவே வால்வுக்கு வந்துவிடுகிறது.

இனி நாங்கள் செய்வது இதுதான்:

• மரை போட்ட துண்டுக் குழாயை மட்டும் பற்றவைத்து, நன்றாக ஆறிய பிறகே வால்வை மாட்டுகிறோம்.

• பழைய வால்வு அருகே வேலை என்றால், முதலில் அதைக் கழற்றிவிடுகிறோம். பக்கத்தில் ஒரு யூனியன் போட்டிருந்தால் கழற்றுவது சுலபம்.

• கழற்றவே முடியாவிட்டால், தண்ணீரை வடித்து வால்வை முழுதாகத் திறந்து வைக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே தங்கிய நீர் ஆவியாகி அழுத்தும். வால்வு மேல் ஈரச் சாக்கு சுற்றி, விட்டுவிட்டுப் பற்றவைக்கலாம். ஆனால் வெல்டிங் செய்பவரின் கையிலும் காலடியிலும் ஈரம் கூடாது, ஷாக் அடிக்கும்.

• ஜி.ஐ. குழாயில் பற்றவைக்கும் இடத்துத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும்.

சோலார் ஹீட்டரின் செம்புக் குழாயில் ஈயம் பற்றவைக்கும்போதும் இதே கதைதான். ஈயம் உருக 230 டிகிரியே போதும். ஆனால் சுடரின் சூடு அதைவிடப் பல மடங்கு. இணைப்பு முனையில் மட்டும் காட்டுங்கள், வால்வின் உடம்பில் வேண்டாம்.

வேலை முடிந்ததும் வால்வை மூடி, அடியில் காய்ந்த காகிதம் ஒன்றை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால், தைரியமாகக் கல்யாணத்துக்குப் போகலாம்.